வடிவமும் வாக்கும்: ஒரு வாக்குச்சீட்டை வாசித்தல்

உருவத்தை உள்ளடக்கத்தின் புறப்போர்வையாகக் கொள்ளும் நோக்கு இலக்கியத் திறனாய்வில் நெடுங்காலமாக மறுக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் படிவம், அறிவித்தற்பலகை, கணினித்திரை முதலான அன்றாடச் சாதனங்களைப் பொறுத்தவரை அந்நோக்கே இன்றும் மேலோங்கி நிற்கின்றது. அவற்றைக் கையாள்வோர் தவறிழைப்பின், குறை அவர்தம் கவனத்திலேயே காணப்படுகின்றது. சாதனத்தின் அமைப்பு வினாவுக்குட்படுத்தப்படுவதில்லை.

2000ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்துப் பாம் பீச் மாவட்டத்தில் பயன்படுத்தப்பட்ட ‘வண்ணத்துப்பூச்சி’ வாக்குச்சீட்டு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது. வேட்பாளர் பெயர்கள் எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சிடப்பட்டிருந்தன; துளையிடும் இடங்களோ நடுவே ஒரே நிரலில் அமைந்தன. இடப்பக்கத்தில் புஷ் முதலாவதாகவும் கோர் இரண்டாவதாகவும் இடம்பெற்றனர். ஆயின் இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த புக்கானனுக்குரியது, கோருக்குரியது மூன்றாவது. கண் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிக்க, கை இரு பக்கங்களையும் மாறிமாறி எண்ணவேண்டியிருந்தது.

அம்மாவட்டத்தில் புக்கானன் 3,400க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இடப்பட்டமையால் 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் கணக்கிற் கொள்ளப்படவில்லை. மாநிலத்தில் புஷ் பெற்ற அதிகப்படி வாக்குகளோ 537 மட்டுமே. இது வாக்காளரின் கவனயீனமே என்று வாதிப்போர் உளர். ஆனால் அதே மாவட்டத்தில் நேரில் வராது வாக்களித்தோருக்கு இவ்வமைப்பற்ற சீட்டே வழங்கப்பட்டது. அவர்களிடையே புக்கானன் பெற்ற விகிதம் மிகக் குறைவு. ஆய்வாளர் இவ்வொப்பீட்டையே தம் வாதத்துக்கு முக்கிய ஆதாரமாகக் கொண்டனர்.

முதியோர் எளிதாக வாசிக்கவேண்டுமென எழுத்துகளைப் பெரிதாக்கியதாலேயே பெயர்கள் இரு பக்கங்களுக்குப் பரவின என்பது இங்கு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. எழுத்தின் அளவு தனியே நோக்கப்பட்டது. எழுத்துக்கும் துளைக்குமுள்ள உறவு நோக்கப்படவில்லை. உறுப்புகளைத் தனித்தனியே மதிப்பிடும் பார்வையின் வரையறை இதுவே. குறை உறுப்பிலன்று, உறவிலேயே தங்கியிருந்தது.

இன்றைய திரைகளுக்கு அளவுகோல்கள் இல்லாமலில்லை. 2008இல் வெளியான இணைய அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்குமிடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாட்டை வேண்டுகின்றது. நிறமொன்றினால் மாத்திரம் பொருளுணர்த்துவதையும் விலக்குகின்றது. வெண்திரையில் வெளிறிய சாம்பல் எழுத்தையும், ‘சிவப்பிலுள்ளவற்றை நிரப்புக’ என்னும் அறிவுறுத்தலையும் இனங்காண இவை துணைபுரியும். ஆயினும் வெண்தாளிற் கருமையாக அச்சிடப்பட்ட அவ்வாக்குச்சீட்டு இவ்வளவுகோல்கள் இரண்டிலும் தேறியிருக்கும். அளவை இன்றியமையாதது, ஆனால் பயன்படுத்துவோரின் கண்ணும் கையும் செல்லும் வழியைப் பின்தொடரும் வாசிப்புக்கு அது ஈடாகாது.

அமைப்பின் குறையால் எழும் மேலதிக உழைப்பு எப்போதும் பயன்படுத்துவோர் மீதே சுமத்தப்படுகின்றது. அச்சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதுமில்லை. பார்வை குன்றியோர், முதியோர், பழைய கருவியுடன் அவசரத்தில் இயங்கும் உழைப்பாளர் ஆகியோரே அதனை மிகுதியாகச் சுமக்கின்றனர். எனவே ஓர் இலக்கியப் படைப்பை நோக்கி நாம் எழுப்பும் வினாவையே திரையை நோக்கியும் எழுப்புதல் வேண்டும்: இது யாரை வாசகராகக் கருதி ஆக்கப்பட்டது? யாரை வெளியே நிறுத்தியது?