வரத்துக்காரன் என்றால் ‘புதியவன்’ மட்டும்தானா?

அக்கா பொண்ணு பத்தாம் வகுப்பு. போன வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். “பதனம் - கவனமாக, நீத்துப்பாகம் - மேல்கஞ்சி, வரத்துக்காரன் - புதியவன், தொலவட்டையில் - தொலைவில்...” பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “எதுக்குட்டி இதையெல்லாம் மனப்பாடம் பண்ணுத?” என்றார். அம்மாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம். ‘தண்ணீர் - குடிப்பது’ என்று ஒருத்தி ஒப்பித்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கும் அவருக்கு.

அந்தப் பாடம் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி. 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் விரிவானமாக வைத்திருக்கிறார்கள். களைத்துப்போய் வந்த ஒரு இளைஞனுக்கு அன்னமய்யா சாப்பாடு கிடைக்கச் செய்யும் கதை. இப்படி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. நான் படித்த காலத்துத் துணைப்பாடங்களில் எல்லாரும் மேடைப் பேச்சாளர் மாதிரிதான் பேசுவார்கள். கரிசல்காட்டுக்காரன் கரிசல்காட்டுப் பேச்சிலேயே பாடப்புத்தகத்துக்குள் வந்து உட்கார்வது சின்ன விஷயம் இல்லை.

என் குறை பாடத்தின் மேல் இல்லை. அதோடு வருகிற பொருள் பட்டியலின் மேலும், அந்தப் பட்டியலை வகுப்பில் நாம் பயன்படுத்தும் விதத்தின் மேலும்தான்.

‘வரத்துக்காரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதியவன் என்பது தப்பான பொருள் இல்லை. ஆனால் அப்படி எழுதிவைத்த கணத்திலேயே அந்தச் சொல் செத்துவிடுகிறது. ‘கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி வரத்து குறைவு’ என்று செய்தியில் வருவதைக் கேட்காத பிள்ளை சென்னையில் கிடையாது. அணைக்கு நீர்வரத்து, கண்மாய்க்கு வரத்துக்கால், பஸ் போக்குவரத்து என்று எங்கும் இருக்கிற சொல்தான் அது. அதோடு பால்காரன், கடைக்காரன் என்பதில் வரும் ‘காரன்’ சேர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்தவன். பொருளை யாரும் சொல்லித்தர வேண்டாம், இரண்டு நிமிஷம் கொடுத்தால் பிள்ளையே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ‘தொலவட்டை’யும் அப்படியே. தொலைபேசியில் இருக்கிற அதே ‘தொலை’.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ‘கோபல்லபுரத்து மக்கள்’ தனி நாவல் இல்லை. 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலின் தொடர்ச்சி. முதல் நாவலின் கதையே, தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடிவந்து, கரிசல் காட்டை அழித்து ஊர் கட்டிய கூட்டத்தின் கதைதான். அதாவது அந்த ஊரே வரத்துக்காரர்களின் ஊர். அப்படிப்பட்ட ஊரில், பசியோடு வந்து நிற்கும் ஒரு பையனைக் குறிக்க ‘வரத்துக்காரன்’ என்ற சொல் வரும்போது அதற்கு இருக்கிற எடை ‘புதியவன்’ என்பதற்கு உண்டா? நாவலின் மையத்துக்குப் போகிற வாசல் அந்தச் சொல். நாம் அதை ஒரு மதிப்பெண் கேள்வியாக்கிப் பூட்டிவிட்டோம்.

இப்படி அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில் அக்கா பொண்ணையும் எங்கள் குடியிருப்பில் இருக்கும் நாலு பிள்ளைகளையும் உட்காரவைத்துக் ‘கோபல்ல கிராமம்’ வாசிக்கலாம் என்று ஆரம்பித்தேன். மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா? முதல் சில அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து, ஒரு பைத்தான் நிரல் எழுதி, கடினமான சொற்களைத் தானாகப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். இணையத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துகளில் குறைவாக வரும் சொல் எல்லாம் கடினச் சொல், அவ்வளவுதான் கணக்கு. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு வேலை செய்யும். தமிழுக்கு மண்ணைக் கவ்வியது. ‘வந்துக்கிட்டிருந்தவங்களுக்கெல்லாம்’ மாதிரி ஒட்டு மேல் ஒட்டாக வரும் சொல் நிரலுக்கு அபூர்வச் சொல், பிள்ளைகளுக்குத் தினமும் பேசுகிற சொல். ‘பாச்சல்’ என்பதை ‘பாய்ச்சல்’ என்பதன் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டது. பாடப்புத்தகம் அதற்குப் பாத்தி என்று பொருள் சொல்கிறது. தண்ணீர் பாய்ச்சுவதோடு சேர்ந்த சொல் என்று காதே சொல்லிவிடும், ஆனால் நிரலுக்குக் காது கிடையாதே.

கையால் திருத்தி, ஒரு வழியாகப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். “முதல்ல இதைப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் கதை.” அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. நான் திட்டுகிற அதே வேலையைத்தான் நானும் செய்திருந்தேன், இன்னும் நீளமான பட்டியலோடு.

சரி, பட்டியலே வேண்டாம், படிக்கப் படிக்கத் தானாகப் புரிந்துவிடும் என்று சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். ஸ்வான்போர்ன், டி க்ளாப்பர் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் 1999இல், அதற்கு முன் நடந்த 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாக வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில், மாணவர்கள் கற்றுக்கொள்வது சராசரியாக 15 சதவீதம்தான். மீதியைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. நிறைய வாசித்தால் இந்த 15 சேர்ந்து மலையாகும், உண்மை. ஆனால் ஒரு நாவலில் வரும் வெவ்வேறு சொற்களில் ஏறக்குறையப் பாதி ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும். ஒரு தடவை வந்து போகிற சொல்லைப் பிடித்து நிறுத்த யாராவது வேண்டும்.

எந்தச் சொல்லிடம் நிற்பது? அமெரிக்காவில் இசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். 2002இல் வந்த அவர்களுடைய புத்தகம் ஆசிரியர்களிடையே ரொம்பப் பிரபலம். சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள், சொல்லித்தர வேண்டாம். மூன்றாவது, ஒரு துறைக்கே உரிய சொற்கள், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவை, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வருகிற, ஆனால் பேச்சில் அதிகம் வராத சொற்கள். வகுப்பு நேரத்தை அவற்றுக்குக் கொடு என்பார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் கி.ரா.வைக் கையில் வைத்துக்கொண்டு இதை அப்படியே பின்பற்றினால் வேடிக்கையாகிவிடும். கமலை, புஞ்சை, கலயம், நீத்துப்பாகம் எல்லாம் மூன்றாம் அடுக்கு, தள்ளிவிடு என்றாகும். அவற்றைத் தள்ளிவிட்டால் நாவலில் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு ஊரில் முதல் அடுக்கில் இருப்பது இன்னொரு ஊரில் மூன்றாம் அடுக்குக்குப் போகிறது என்பதை அந்த அட்டவணை யோசிக்கவில்லை. என் அம்மாவுக்கு நீத்தண்ணி முதல் அடுக்கு. அவருடைய பேத்திக்கு அது பரீட்சைக் கேள்வி. நடுவில் ஓடியது ஒரே ஒரு தலைமுறை, அது நான்.

அதனால் பெக்கின் அளவுகோலைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். வேறு இடங்களில் எத்தனை முறை வரும் என்பதோடு, இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன உடையும் என்றும் கேட்டுக்கொண்டேன். பெரும்பாலான சொற்களை எடுத்தால் ஒன்றும் உடையாது. வாசித்துக்கொண்டே “பதனம்னா ஜாக்கிரதை” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம். சிலவற்றை அதுகூடச் சொல்லாமல் விட்டேன். ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருந்தால் வாசிப்பு தடைபடாது என்பது பால் நேஷன் போன்றவர்கள் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் போனால்தான் கை கொடுக்க வேண்டும்.

நின்றது சில சொற்களிடம் மட்டும். பாடப்பகுதியில் வரும் ‘கடிச்சுக் குடித்தல்’ அப்படி ஒன்று. பட்டியலில் ‘வாய் வைத்துக் குடித்தல்’ என்று இருக்கிறது. தண்ணீர் பாட்டிலோடு வளர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன விசேஷம்? குடிப்பதென்றாலே வாய் வைத்துத்தானே. நான் கேட்டேன்: “அதுக்குத் தனியா ஒரு சொல் எதுக்கு? அப்போ வேற எப்படிக் குடிப்பாங்க?” ஒரு பையன், “அண்ணாந்து” என்றான். ஏன் அண்ணாந்து குடிக்க வேண்டும்? எச்சில். யாருடைய எச்சில்? யார் பாத்திரத்தில் யார் வாய் வைக்கலாம்? அன்றைக்கு வாசிப்பு அரைப் பக்கம்கூட நகரவில்லை. பட்டியலில் இருக்கும் மூன்று சொல் விளக்கத்துக்குள் இந்தப் பேச்சு அடங்காது. ஒரு வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியர் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்குமா என்று கேட்டால், எல்லாச் சொல்லுக்கும் இருக்காது. ஒரு பாடத்துக்கு ஒரு சொல்லுக்கு நிச்சயம் இருக்கும்.

அகராதி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கி.ரா.வே 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தவர். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கு ஒன்று செய்தார். தான் எழுதும் நாவல்களை வெளியூர்க்காரர்களும் படிக்கவேண்டும் என்ற கவலை உள்ள எழுத்தாளன்தான் அந்த உழைப்பைப் போடுவான். ஆனால் அகராதி கதைக்குப் பின்னால் திறக்கவேண்டிய புத்தகம். வகுப்பில் நாம் அதைக் கதைக்கு முன்னால் திறக்கிறோம், பல சமயம் கதைக்குப் பதிலாகவே திறக்கிறோம். பொருள் தெரிந்த பிறகு சொல்லைப் பார்ப்பதும், சொல்லிடம் முட்டி நின்ற பிறகு பொருளைப் பார்ப்பதும் ஒன்றில்லை.

இன்னொன்று, இது எங்கள் வீட்டு விஷயம். அக்கா பொண்ணு ஆறாம் வகுப்பில் ஒரு கட்டுரையில் ஆச்சி பேசுகிற மாதிரி ‘தொலவட்டு’ என்று எழுதி, சிவப்பு மையில் பிழை வாங்கி வந்தவள். அதற்கப்புறம் ஆச்சியின் பேச்சு அவளுக்குத் ‘தப்புத் தமிழ்’. சொல்லிக் கேலிகூடச் செய்வாள், அம்மாவும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். நாலு வருஷம் கழித்து கிட்டத்தட்ட அதே சொல் பாடப்புத்தகத்தில் வருகிறது, பொருள் எழுதினால் மதிப்பெண். இந்த முரணைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. எது எழுத்துத் தமிழில் பிழை, எது வட்டாரத்துக்குச் சொத்து, கட்டுரையில் எங்கே எதை எழுதலாம் என்று கி.ரா.வை வைத்துக்கொண்டு பேசாமல் வேறு எப்போது பேசப்போகிறோம்?

மூன்றாவது வாரத்திலிருந்து அம்மாவையும் கூட உட்காரச் சொன்னேன். முதலில் வரமாட்டேன் என்றார். “எனக்கு என்னத்த தெரியும், படிச்ச பிள்ளைக கூட உக்கார.” பிறகு முறுக்குத் தட்டோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். கமலையில் தண்ணீர் இறைப்பது பற்றி ஒரு இடம் வந்தது. நான் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா எழுந்து, மாடு எப்படிப் பின்னால் வரும், கயிறு எப்படித் தளரும் என்று நடந்தே காட்டினார். அதற்கு மேல் என் போனை யாரும் பார்க்கவில்லை.

போன வாரம்கூட அக்கா பொண்ணு போன் பண்ணினாள். என்னிடம் இல்லை. “மாமா, ஆச்சிகிட்ட குடுங்க, ஒரு சொல்லு கேக்கணும்.” என்ன சொல் என்று கேட்டதற்கு, “உங்களுக்குத் தெரியாது” என்றாள்.