கூடை இறக்கிய பின்: ஊவாத் தோட்டங்களின் முதுமையும் மலையக இலக்கிய நோக்கும்

தமிழிலக்கியத்தில் முதுமை புதிய பொருளன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், ஆழ்ந்த மடுவிற் குதித்து மணலள்ளிக் காட்டிய இளமையையும், கோலூன்றி இருமலினிடையே சில சொற்களே பேசும் முதுமையையும் எதிரெதிரே நிறுத்துவர். அங்கு இரங்கப்படுவது உடலின் தளர்ச்சியாகும். அம்முதியவர் எவருடைய கூரையின் கீழ் உறங்குகின்றார், நாளைய உணவை எவரிடம் கேட்பார் என்னும் வினாக்கள் அப்பாடலில் எழவில்லை. கூலியுழைப்பை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்திலோ அவையே முதல் வினாக்களாகின்றன. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளை என விரியும் பதுளை மாவட்டத் தோட்டங்களில் கூடையை இறக்கிவைத்த மூதாட்டியொருத்தியின் முதுமை, உடலியல்பு மட்டுமன்று. சட்டமும் சம்பளமும் குடியிருப்பும் சேர்ந்து உருவாக்கிய ஒரு சமூக நிலையுமாகும். இந்நிலையை மலையக இலக்கியமும் அதன் விமர்சனமும் எவ்வளவு தூரம் கண்டுகொண்டுள்ளன என்பது ஆராயத்தக்கது.

மலையக இலக்கியத்தின் சாதனை உழைப்பைப் பொருளாக்கியமையாகும். ஸி. வி. வேலுப்பிள்ளை, நினைவுக்கல்லேனும் இன்றித் தேயிலையின் கீழ் உறங்கும் மூதாதையரைக் கவிதையிற் பதித்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதை, கொழுந்தின் நிறையை ஒரு பெண்ணின் தன்மானத்தோடு இணைத்தது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் 1934இற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்னும் கதையிலே, குடும்பம் முழுவதும் ஒரே காம்பராவில் உறங்கவேண்டிய நெருக்கடி மனித உறவுகளையே எவ்வாறு கூசச் செய்கின்றது என்பதைக் காட்டினார். இவை மூன்றும் மூன்று நிலைகளைத் தொடுகின்றன. ஒன்று மரணம், மற்றொன்று உழைப்பு, இன்னொன்று குடியிருப்பு. உழைப்பு முடிந்து மரணம் வருமுன் உள்ள இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இலக்கியத்தில் அத்துணைத் துலக்கம் பெறவில்லை.

முதியோர் இவ்விலக்கியத்தில் இல்லை என்பது கருத்தன்று. கடல்கடந்து வந்த கதையையும் கங்காணியின் கொடுமையையும் சொல்லும் பாட்டிமாரும் தாத்தாமாரும் அதில் பலர் உளர். ஆயினும் அவர்கள் பெரும்பாலும் கடந்தகாலத்தின் சாட்சிகளாகவே நிற்கின்றனர். நிகழ்காலத்தில் உரிமை கோரும் மாந்தராக நிற்பது அரிது. வாசகர் அவர்கள்மீது இரக்கங்கொள்கின்றனர். விமர்சகர் அவ்விரக்கத்தை மனிதாபிமானம் எனப் பாராட்டுகின்றனர். இரக்கம் உயர்ந்த உணர்வே. எனினும், கணக்குத் தீர்க்கப்படவேண்டிய இடத்தில் இரக்கம் நுழையும்போது உரிமை சலுகையாகிவிடுகின்றது.

கணக்கு என்னவென்பதை நோக்குதல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை உருவாக்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் பங்காக 12 வீதமும் அதிற் சேர்தல் வேண்டும். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதி வந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சேவைக்காலப் பணத்தை உரிமையாக்கியது. இதன்படி ஐந்தாண்டு சேவையை நிறைவுசெய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோராண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரியது. அது 30 நாட்களுள் வழங்கப்படல் வேண்டும்; தாமதித்தால் காலத்துக்கேற்ப 10 முதல் 30 வீதம்வரை மேலதிகத் தொகை செலுத்தல் வேண்டும். ஆகவே இப்பணம் துரையின் கொடையன்று. உழைத்த காலத்தில் வழங்காது நிறுத்திவைக்கப்பட்ட ஊதியமேயாகும்.

அவ்வூதியத்தின் அளவு யாது? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தைக் கொண்டு கணித்தால், முப்பதாண்டு உழைத்த பெண்ணுக்குரிய சேவைக்காலப் பணம் 5,67,000 ரூபா. ஓய்வின்பின் அவள் இருபதாண்டு வாழ்வாளாயின், மாதத்துக்கு 2,400 ரூபாவும் வராது. அது இரண்டு நாட் சம்பளத்திலும் குறைவு. சேமலாப நிதி இதனை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆயின் அந்நிதி பழைய சம்பளங்களின் சேமிப்பாகும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாவே. வேலை குறைந்த நாட்களும், நிறை போதாதெனப் போடப்பட்ட ‘அரைப்பேரும்’ அச்சேமிப்பை மேலும் சுருக்கின. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தபோது, அச்சேமிப்பின் பெறுமதி கண்ணெதிரே கரைந்தது. 2023இல் நாட்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்ட வேளையிலும், சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. நாட்டின் கடன் நெருக்கடியைத் தோற்றுவிப்பதிற் பங்கேதுமில்லாத கொழுந்து பறித்த கை, அதனைத் தீர்ப்பதிற் பங்கேற்க நேர்ந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு பொருந்தும். தோட்டப் பாடசாலையிற் கற்பிக்கும் அரச ஆசிரியர் ஓய்வுபெற்றபின், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுகின்றார். அப்பாடசாலையின் வேலிக்கு அப்பால் மலையேறி உழைத்தவர் ஒருமுறை மட்டும் ஒரு தொகையைப் பெறுகின்றார். மகளின் திருமணம், பழைய கடன், கூரைத் தகரம் என அத்தொகை விரைவிற் கரைகின்றது. மாதந்தோறும் வரும் பணம் முதியவரைக் குடும்பத்தின் உறுப்பினராக வைத்திருக்கும். ஒருமுறை வந்து தீர்ந்த பணமோ அவரைப் பாரமாக்கிவிடும். பேரப்பிள்ளைக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுக்கவும் மகனின் கையை எதிர்பார்ப்பவரின் தாழ்வை எந்த உபசாரச் சொல்லும் போக்காது.

இதனாலேயே ஓய்வு பெற்றோர் பலர் மீண்டும் மலைக்குச் செல்கின்றனர். இம்முறை பேர் பதிந்து அன்று, ‘கைக்காசு’க்கு. பறித்த கொழுந்தின் நிறைக்கு அன்றன்றே காசு கிடைக்கும். பெரும்பாலும் சேமலாப நிதியும் விடுமுறைச் சம்பளமும் இல்லை. குடியிருப்பும் இந்நிலையை இறுக்குகின்றது. லயக் காம்பரா உழைப்போடு பிணைக்கப்பட்டதாதலின், குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்திற் பேர் போடவேண்டும் என்ற அச்சம் முதியோரை ஆட்டுகின்றது. ‘மீன்கள்’ கதையின் இடநெருக்கடியை இக்கோணத்தில் மறுவாசிப்புச் செய்தல் வேண்டும். இளந்தம்பதியருக்கே இடமில்லாத அக்காம்பராவில் கிழவியின் பாய் எங்கு விரிக்கப்படும்?

வரலாறும் இதற்குத் துணைபோயிற்று. 1948இற் குடியுரிமை மறுக்கப்பட்ட இம்மக்களின் எதிர்காலம், 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது. இந்தியா செல்வோர் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் உட்படத் தம் சேமிப்பைக் கொண்டுசெல்ல அவ்வுடன்படிக்கை இடமளித்தது. ஓய்வுப் பணம் அவர்களைப் பொறுத்தவரை பிறந்த மண்ணைப் பிரியும் பணமாயிற்று. இங்கே தங்கியவர்களுக்குப் பிறிதொரு தொல்லை எஞ்சியது. செக்ரோலில் ‘இராமாயி’, அடையாள அட்டையில் ‘ராமாயி’, பிறப்புச் சான்றிதழில் வேறொரு வடிவம் என ஒரே பெயர் மும்மொழிகளிலும் சிதைந்துள்ளது. உழைத்த காலமெல்லாம் எவரும் ஐயுறாத ஒருத்தியின் அடையாளம், பணம் கேட்கும் வேளையிலே ஐயத்துக்குரியதாகின்றது. தான் தானே என்பதை நிறுவத் தொழிற் காரியாலயத்துக்குப் பலமுறை அலையும் முதுமையில் மானக்கேடு வெளிப்படையானது.

பெற்றோரைப் பேணுதல் தமிழர் பண்பாடு. ஆதலின் ஓய்வூதியம் மலையகத்துக்கு அத்துணை இன்றியமையாததன்று எனச் சிலர் வாதிப்பர். பிள்ளைகளின் அன்பு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அப்பிள்ளைகளும் அதே நாட்சம்பளத்தை நம்பியோராகவோ, கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தம் குடும்பத்தையே தாங்க இயலாதோராகவோ உள்ளனர். வறுமையின் முழுச்சுமையையும் பண்பாட்டின் தோளில் ஏற்றுவது பண்பாட்டைப் போற்றுவதாகாது; தோட்ட நிருவாகமும் அரசும் ஏற்கவேண்டிய பொறுப்பை மறைப்பதேயாகும். 2025இல் முதியோர் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் அது நான்கு நாட் சம்பளத்தையும் எட்டாத உதவிப் பணம். உழைப்பின் பேறாகிய ஓய்வூதியத்துக்கு ஈடாகாது.

மாதந்தோறும் வரும் ஓய்வூதியம், தொழிலோடு பிணைக்கப்படாத காணியுரிமையுள்ள வீடு, ஓய்வுக்கு முன்னரே திருத்தப்பட்ட ஆவணங்கள் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றை வென்றெடுப்பது தொழிற்சங்கத்தினதும் சட்டத்தினதும் பணி. ஆயின் எது இரக்கத்துக்குரியது, எது உரிமைக்குரியது என்னும் வேறுபாட்டை மக்கள் மனத்திற் பதிப்பது இலக்கியத்தின் பணியாகும். இனி எழுதப்படும் மலையகக் கதையில் வரும் மூதாட்டி பழங்கதை சொல்வதோடு அமையாது, தனக்கு வரவேண்டிய பணத்தின் கணக்கையும் கேட்கட்டும். விமர்சகரும் அக்குரலைப் பிரசாரம் என ஒதுக்காது, அவளது வாழ்வின் உண்மையென இனங்காணுதல் வேண்டும்.