உதிரும் ஒலியும் சுட்டப்படும் பொருளும்: வில்லியம் பாசின்ஸ்கியின் ‘தி டிசின்டக்ரேஷன் லூப்ஸ்’

சொல்லற்ற இசை துயரை எழுப்பும்போது, அத்துயர் யாருடையது, எதன் பொருட்டு எழுந்தது என்னும் வினாக்களுக்கு இசைக்குள் விடை இருப்பதில்லை. மின்னணுக் கருவியிசையின் ஆற்றல் இத்திறந்த நிலையிலேயே உள்ளது எனலாம். அத்திறப்பு எத்துணை எளிதில் அடைபடும் என்பதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கியின் ‘தி டிசின்டக்ரேஷன் லூப்ஸ்’ (2002-2003) தக்க சான்றாகும்.

1980களின் தொடக்கத்தில் வானொலி இசைத் துணுக்குகளைப் பதிந்து, வளையங்களாக ஒட்டிவைத்திருந்த காந்த நாடாக்களை 2001 கோடையில் அவர் டிஜிட்டல் வடிவுக்கு மாற்ற முற்பட்டார். நாடா சுழலச் சுழல, ஒலியைத் தாங்கியிருந்த இரும்பு ஆக்சைடு பூச்சு உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, உதிர்வதையே பதிவு செய்தார். ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல் நீளும் முதற்பகுதியில், சில நொடிகளே கொண்ட ஊதுகருவித் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் மாற்றம் எதுவும் செவிக்குப் புலப்படுவதில்லை. பின்னர் ஒரு சுரத்தின் ஓரம் மங்குகிறது. சிறு இடைவெளி தோன்றுகிறது. அவ்விடைவெளி சுற்றுதோறும் அகல்கிறது. இறுதியில் எஞ்சுபவை மௌனத்தினூடே தட்டுப்படும் சில ஒலிகளே.

மெட்டு துயரமானதன்று, இனியது, சற்றே சாதாரணமானதும்கூட. பலமுறை கேட்டமையால் நினைவில் முழுமையாக நிற்கும் அத்தொடர், செவியில் குறைந்துகொண்டே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவிலேதான் துயர் பிறக்கிறது. தொல்காப்பியர் அழுகைக்கு உரைக்கும் நான்கு நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. இங்கு இழவு சித்திரிக்கப்படவில்லை. கேட்போர் முன்னிலையில் நிகழ்கிறது.

2001 செப்டம்பர் 11 மாலை, புரூக்ளின் மொட்டைமாடியிலிருந்து மன்ஹாட்டனின் புகையைப் பாசின்ஸ்கி படம்பிடித்தார். அக்காட்சியோடு முதற்பகுதியை இணைத்து, படைப்பை அந்நாளில் இறந்தோர்க்கு உரித்தாக்கினார். அதுமுதல் இது இரங்கலிசையாகவே பெரிதும் கேட்கப்படுகிறது. நாடாக்கள் உதிர்ந்ததோ அந்நாளுக்கு முன்னர்.

அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படுவதில்லை; சுட்டினால் பாடல் புறமாகும். நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் வேலின் தலையிலுள்ள வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால் நச்சினார்க்கினியர் அதனைப் புறமென்றார். பாசின்ஸ்கியின் புகைக்காட்சி செய்வதும் அதுவே: எவருடையதும் ஆகக்கூடிய இழவை ஓர் ஊருக்கும் ஒரு நாளுக்கும் உரியதாக்குகிறது. வேறுபாடும் உண்டு. வேம்பு பாட்டின் உள்ளே இருக்கிறது. புகை இசையின் வெளியே நிற்கிறது. இதனால் அவ்வுரித்தாக்கம் பிழையெனக் கொள்ள வேண்டியதில்லை. தம் படைப்பின் முதற் கேட்பாளராக நின்று அவர் கொண்ட பொருள் அது. அதனையே ஒரே பொருளாக்குவதுதான் பொருந்தாது. அங்ஙனமாயின், ‘சிதைவு’ என்னும் தலைப்பும் ஐயத்துக்குரியதே. அச்சொல் இல்லையேல் இவ்விடைவெளிகளை இழப்பாகக் கேட்போமா, தாள வேறுபாடாகவா?

2011இல் அந்நிகழ்வின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இசைக்குழுவொன்று முதற்பகுதியை வாசித்தது. நாடாவின் உதிர்வைக் கலைஞர்கள் தம் கருவிகளால் போலச்செய்ய வேண்டியிருந்தது. எங்கே ஓய வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது; அரங்கில் எதுவும் உதிரவில்லை.