தாருக்கும் கிரவலுக்கும் ஒரே ரயர்

கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளை மிதித்தால் ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் கம்பஹா வந்துவிடும். அங்கே ஹெனரத்கொட தாவரவியற் பூங்கா இருக்கிறது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டனின் கியூ பூங்காவில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் சுமார் 1,900 கப்பலேறி இலங்கைக்கு வந்தன, ஹெனரத்கொட மண்ணில் வேர்பிடித்தன. அது 1876. பெல்பாஸ்ற்றில் ஜோன் பொய்ட் டன்லப் தன் மகனின் சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயரைச் செய்து பார்த்து, அதற்குக் காப்புரிமை பெற்றது 1888இல்தான். காற்று ரயர் தெருவுக்கு வருவதற்கு முன்பே அதற்கான மரம் கம்பஹாவில் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில், ரயர் வாங்கப் போகிறவர் விலையை மட்டும் கேட்டுவிட்டு எடுத்து வருவது வருத்தமாக இருக்கிறது. சைக்கிளில் நிலத்தைத் தொடும் பொருள் அது ஒன்றுதான். ஓட்டத்தின் சுகமும் களைப்பும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன.

கொழும்பு வீதியைப் பாருங்கள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வழுவழுப்பான தார்; ஆனால் கடற்காற்று ஓரத்தில் மணலைத் தூவிவிட்டுப் போகும். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் குழாய் புதைக்கத் தோண்டி மூடிய தழும்புகள், இன்ரலொக் கற்கள், வடிகான் மூடிகள். வடக்கே போகிறவர் மட்டக்குளியில் களனி கங்கையைத் தாண்டி, ஹெந்தளையில் ஹமில்டன் கால்வாயைப் பிடிக்கலாம். ஆங்கிலேயர் 1804இல் வெட்டி முடித்த கால்வாய் அது. அதன் கரையில் சில இடம் தார், சில இடம் கிரவல், மழை பெய்தால் செம்மண் சேறு. ஒரே காலையில் இத்தனையும் வருகிறது. இதற்கு இரண்டு சைக்கிள் வேண்டியதில்லை, சரியான ஒரு சோடி ரயர் போதும்.

ஒல்லியான ரயரில் கல்லுப்போல் காற்றடித்தால்தான் வேகம் வரும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் ஆட்சி செய்தது. 23 மில்லிமீற்றர் ரயர்தான் பந்தயக்காரரின் அடையாளம். அமெரிக்காவில் ‘பைசிக்கிள் குவாட்டர்லி’ இதழை நடத்திய யான் ஹைனே இதைச் சோதித்துப் பார்த்தார். கரடான தளத்தில் இறுக்கமான ரயர் கல்லுக்குக் கல் துள்ளுகிறது. அந்தத் துள்ளலை ஓட்டுபவரின் உடம்பு வாங்கிக்கொள்கிறது. காலால் கொடுத்த பலம் அப்படியே வீணாகிறது. அகலமான, இளகிய ரயர் கல்லைத் தன்னுள் வாங்கி உருண்டு போகிறது. இன்று பெரும் பந்தயக்காரர்களே 28, 30 என்று அகலத்துக்கு ஏறிவிட்டார்கள். கற்பாளம் பாவிய பாரிஸ்–ரூபே பந்தயத்தில் அதற்கும் மேலே போகிறார்கள்.

ஆனால் அகலம் மட்டும் போதாது. ரயரின் உயிர் அதன் துணியில் இருக்கிறது. இறப்பருக்கு உள்ளே நூல் நூலாக ஓடும் உறையைத்தான் சொல்கிறோம். அங்குலத்துக்கு 60 நூல், 120 நூல் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நூல் மெலிய மெலிய எண்ணிக்கை கூடும், ரயர் மென்மையாகும். சில கம்பனிகள் இரண்டு மூன்று அடுக்கையும் கூட்டி எண்ணுவதால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ரயரைக் கையில் எடுத்து, பக்கத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மடித்துப் பாருங்கள். நல்லது தோசைபோல மடியும், விட்டதும் மெல்ல விரியும். மட்டமானது காய்ந்த தோல்போல முறைக்கும். மென்மைக்கும் ஒரு விலை உண்டு: பக்கம் மெலிந்தால் கூர்க்கல் கிழிக்கும். கிரவலில் அதிகம் போகிறவர் 60 நூலோடு நின்றுவிடுவது நல்லது.

அடுத்தது பல். முரட்டுப் பற்கள் கடைக் கண்ணாடிக்குள் அழகாகத் தெரியும்; தாரில் அவை வளைந்து நெளிந்து உர் என்று இரைந்து பலத்தைத் தின்னும். மழைத் தாருக்குப் பல் வேண்டும் என்பதும் தவறு. சைக்கிள் ரயர் ஒடுங்கியது, உருண்டையானது. அது ஓடும் வேகத்தில் காரைப்போல நீரில் மிதக்காது. ஈரத்தில் பிடிப்பது இறப்பரின் தரம்தான். நடுவில் வழுவழுப்பு, தோளில் மட்டும் சின்னப் பற்கள் என்ற அமைப்பே நம் வீதிக்கு ஏற்றது. நேரே போகையில் ஓசையின்றி உருளும். கிரவலில் வளைக்கையில் தோள் மண்ணைக் கவ்வும்.

காற்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 38 மில்லிமீற்றர் ரயருக்கு, 70 கிலோ எடையுள்ளவருக்கு, 35 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும், முன் சில்லுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. அளவுக்கு மீறிக் குறைத்தால் கிடங்கில் இறங்கும்போது ரியூப் றிம்மில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு. ரியூப் இல்லாத ரயரில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் ஊற்றும் அடைப்பான் திரவம் பலவற்றில் இறப்பர்ப் பாலே முக்கிய பொருள். முள் குத்திய இடத்தில் அது உறைந்து அடைத்துவிடும். நம் வெக்கையில் சீக்கிரம் காய்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது, மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த சைக்கிள்கள் கொழும்புத் தெருவுக்கு மீண்டன. அப்பப்பாவின் பழைய ராலேக்கு ரயர் தேடுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து 28×1½ ரயரின் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். இன்றைய 700சி ரயரிலும் ‘28’ என்று போட்டிருக்கும். அதன் உள்விட்டம் 622. வெறும் 13 மில்லிமீற்றர் வித்தியாசம்தான், ஆனால் ஒன்று மற்றதன் றிம்மில் உட்காரவே உட்காராது.

கொழும்புக்கு எது என்று கேட்டால், 35 முதல் 40 மில்லிமீற்றருக்குள், நடு வழுவழுப்பான ரயர் என்பதே பதில். வாங்கப் போகுமுன் பழைய ரயரின் பக்கத்தைத் துடைத்து, 38-622 என்பதுபோல் அச்சாகியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது அகலம் என்றால் போர்க்கின் இரு பக்கமும் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.