விவிலிய அத்தியும் தமிழ் அத்தியும்

மரஞ்செடிகளிலிருந்து ஆன்மிகப் படிப்பினை காட்டும் தமிழ்க் கிறித்தவ உரைகளில் அத்திக்குத் தனியிடம் உண்டு. இலை செழித்தும் கனியற்று நின்ற மரத்தை இயேசு சபித்த நிகழ்ச்சி (மாற்கு 11) புறத்தோற்றப் பக்தியைக் கண்டிப்பதாகக் கொள்ளப்படும். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே, எனினும் அது எந்த மரத்தின் இயல்பைச் சார்ந்துள்ளது என்பது அவ்வுரைகளில் அரிதாகவே எண்ணப்படுகிறது.

பாலத்தீன அத்தி, நாம் சீமையத்தி என வழங்குவது. குளிர்காலத்தில் இலை முழுதும் உதிர்த்துவிடும். துளிர்க்குங்கால் முதற்காய்களும் உடன் தோன்றும். ஆகவே தழைத்த இலை காயையும் எதிர்பார்க்கச் செய்யும். நாட்டு அத்தியோ அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் கொத்தாகக் காய்ப்பது. காயுண்டா என்றறிய இலையை நோக்கவேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் மரத்தின் பெயர் பொருந்த, நிகழ்ச்சியின் காரணத் தொடர்பு நழுவிவிட்டது. தமிழ்ப் பழமொழி மரபில் அத்தி, காணக்கிடைக்காத பூவுக்கும் பழத்தைப் பிட்டால் தெரியும் புழுவுக்கும் பெயர்பெற்றது. புழுவைச் சுட்டும் பழமொழி போலிப் பக்தியைக் கண்டிக்கும் போதகர்க்கு உதவக்கூடும். ஆயினும் அது கனியின் குறையைச் சொல்வது, மாற்கு கூறுவதோ கனியின்மையை.

சகேயு ஏறிய மரத்தைப் (லூக்கா 19) பழைய மொழிபெயர்ப்பு ‘காட்டத்தி’ என வேறுபடுத்தியது. அடிமரத்திலும் கிளையிலும் கொத்தாகக் காய்க்கும் இயல்பால் நம் அத்திக்கு நெருங்கியது அம்மரமே. அடைமொழியின்றி ‘அத்தி’ எனும் பெயர் பெற்றதோ மற்றொன்று.