மதிலைக் கட்டியவர் யார்?

இத்தாலி நாட்டுச் சலேர்னோ நகரில் ஒரு துணிக்கடை. கணவனும் மனைவியும் நுழைகின்றனர். மனைவி இத்தாலிய மொழியில் விரிவாகப் பேசுகிறார். பல்லாண்டு உழைத்துப் பயின்ற மொழி. கணவர் சில சொற்களையே உதிர்க்கிறார். அவற்றிலும் ஸ்பானிய ஒலி இழையோடுகிறது. கேட்டிருந்த விற்பனைப் பெண் தீர்ப்பளிக்கிறாள்: கணவர் இத்தாலியராகத்தான் இருக்க வேண்டுமாம், அத்துணைப் பிழையின்றிப் பேசுகிறாராம்! மனைவிக்குக் கிடைத்ததோ, 'எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?' என்ற கேள்வி.

காது வழங்கிய தீர்ப்பா இது? அன்று, அன்று! கண் வழங்கிய தீர்ப்பு. நாவின் திறத்தை மேனியின் நிறம் கொண்டு எடைபோட்ட தீர்ப்பு.

அந்த மனைவி ஜும்பா லாகிரி. 1967-இல் இலண்டனில் வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதி, 2000-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவர். 2012-இல் குடும்பத்தோடு ரோம் நகரில் குடியேறினார். புகழ் தந்த ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்து, இத்தாலிய மொழியிலேயே எழுதத் துணிந்தார். அத்துணிவின் விளைவாக 2015-இல் வந்த நூல் 'இன் ஆல்ட்ரே பரோலே'. 'வேறு சொற்களில்' என்பது அதன் பொருள். அதனை ஆங்கிலமாக்கும் பணியையும் தாம் ஏற்காமல் ஆன் கோல்ட்ஸ்டைன் என்பவரிடம் விட்டார். அந்த நூலை நாம் படித்தோம், பாராட்டினோம், ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள.

முதலில் பாராட்டு. அயல்நாட்டில் குடியேறியவன் படும்பாட்டை இந்நூல் மறைக்கவில்லை. காட்டில் கனி பொறுக்குவார்போல் சொல் பொறுக்குவதும், மாலைக்குள் அவற்றை மறப்பதும், மறுநாள் மீண்டும் கூடையைத் தூக்குவதும் ஒளிவின்றி எழுதப்பட்டுள்ளன. மொழிப்புலமை கலைமகள் நாவில் எழுதிவிட்டுப் போகும் வரமன்று, வியர்வை சிந்தி ஈட்டும் பொருள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. உலகப்புகழ் பெற்றவர், சிறு குழந்தைபோல் தடுமாறுவதை அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். அந்த நெஞ்சுரத்திற்குத் தலைவணங்குகிறோம்.

இனி மறுப்பு. வங்கமொழியைத் தாய் என்கிறார். ஆங்கிலத்தை மாற்றாந்தாய் என்கிறார். உவமை அழகியது, ஆனால் உண்மையை மறைப்பது. மொழிக்கு ஏது குருதி? கல்கத்தாவுக்குச் சென்றால் அங்குள்ளோரும் தம்மிடம் ஆங்கிலத்திலேயே பேசுகின்றனர், தாம் வங்கமொழியில் மறுமொழி கூறினால் வியக்கின்றனர் என்று அவரே எழுதுகிறார். அமெரிக்காவிலும் வியப்பு, இத்தாலியிலும் வியப்பு, 'தாய்' வீட்டிலும் வியப்பு! மூன்று நாட்டிலும் ஒரே மதில். அதை அவர் பார்க்கிறார். அதன் முன் கலங்கி நிற்கிறார். கட்டியவர் யார் என்று மட்டும் கேட்காமல் நகர்ந்துவிடுகிறார்.

நாம் கேட்கிறோம். கட்டியது பிறப்பு என்னும் மூடநம்பிக்கை. இன்ன முகத்தினர்க்கே இன்ன மொழி என்று எண்ணும் மனம், இன்ன குலத்தினர்க்கே இன்ன கல்வி என்ற மனத்தின் உடன்பிறப்பு அன்றோ?

சான்று வேண்டுமா? இத்தாலியிலேயே உண்டு. 1967-இல் டஸ்கனி மலைச்சிற்றூரான பார்பியானாவின் மாணவர் எண்மர் ஓர் ஆசிரியைக்குக் கடிதம் என்ற வடிவில் ஒரு நூல் எழுதினர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். இத்தாலிய மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் பள்ளி கேட்ட இத்தாலிய மொழி வராததால், அவர்களைப் போன்றோர் தோற்கடிக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டனர். மனிதரைச் சமமாக்கும் கருவி மொழியே என்பது அந்நூலின் முழக்கம். அவர்களுக்குக் கற்பித்தவர் லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார். அங்கி அணிந்தவர் சொன்னார் என்பதற்காக உண்மையைத் தள்ளுவோர் அல்லர் பகுத்தறிவாளர். வகுப்பறையில் நின்று சிவப்பு மையால் பிழை திருத்தும் நம்மைப் போன்றோர்க்கு அந்நூல் சாட்டையடி. மண்ணில் பிறந்தவனுக்கே மொழியைப் பிறப்பு தரவில்லையென்றால், வந்தவனிடமிருந்து அதைப் பிறப்பு எவ்வாறு பறிக்க முடியும்?

இன்னொன்று. லாகிரியார் மொழியைக் காதலித்துச் சென்றார். ரோமின் தோர்பிஞ்ஞத்தாரா பகுதியில் வாழும் வங்கதேசத்துத் தொழிலாளர், வயிற்றுக்காகச் சென்றவர்கள். அவர்தம் பெற்றோர் பேசிய அதே வங்கமொழியே அவர்களுடையதும். ஆயினும் நூலின் நடுவில் நிற்பவர் அவர்களல்லர். அவருக்கு மொழி விருப்பப்பாடம். அவர்களுக்கோ அது சட்டம். ஐரோப்பிய அளவுகோலின் 'ஏ2' நிலைத் தேர்ச்சியின்றி நெடுங்கால உறைவுரிமை இல்லை என்ற விதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைக்கு அதனினும் உயர்ந்த 'பி1' நிலை வேண்டுமென்று 2018-இல் சட்டம் செய்தனர். படி, படி என்கிறது அரசு. பகலெல்லாம் தட்டுக் கழுவியவன் எப்போது படிப்பான்? படித்துப் பேசினாலும், சலேர்னோக் கடைக்காரியின் காது திறக்குமா?

மொழி கற்கத் தனியொருவரின் காதல் போதாது; காலமும் வேண்டும், கூலியும் வேண்டும். இதனை அந்நாட்டுத் தொழிலாளர் அன்றே உணர்ந்தனர். 1973-இல் உலோகத் தொழிலாளர் போராடி, கூலி குறையாமல் 150 மணி நேரம் கல்வி பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுவித்தனர். காதலால் திறவாத கதவைக் கூட்டுமுயற்சி திறந்த வரலாறு அது.

லாகிரியாருக்கும் நீதி செய்வோம். அவர் நின்றுவிடவில்லை. 2022-இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட 'ராக்கோந்தி ரோமானி' என்ற சிறுகதைத் தொகுப்பில், அண்டை வீட்டாரின் வெறுப்பால் குடியிருக்கும் வீட்டை இழக்கும் ஏதிலிக் குடும்பமும் இடம்பெறுகிறது. தம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்த எழுத்து, தெருவைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கற்ற மொழியின் உண்மையான பட்டமளிப்பு அதுவே என்போம்.

தாய்மொழியை உயிரென மதிக்கும் இளைஞர்களே! தாய்மொழியும் மடியில் அமர்ந்து கற்ற மொழியே. கருவிலே வந்த மொழியன்று. ஆதலால்தான் அது யாவர்க்கும் உரியது. நம் தெருக்கடையில், வடபுலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவன், உடைந்த தமிழில் விலை கேட்கிறான். நாம் அவனுக்குத் தமிழில் விடை சொல்கிறோமா, அவன் முகத்தைப் பார்த்து நகைக்கிறோமா? பிறந்தவனுக்கே மொழி என்று நாமும் கதவடைத்தால், பிறப்பைக் காட்டிக் கருவறைக் கதவை அடைத்தவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மதில் சலேர்னோவில் மட்டும் இல்லை. நம் வாயிலில் நிற்பதை நாம் இடிப்போம்!