கைதட்டலும் கோடரியும்

பதவி பறிக்கப்பட்ட ஒருவன் பேச வருகிறான். நேற்றுவரை அவன் அரசாங்க ஏட்டின் ஆசிரியன். இன்றோ அரசாங்கத்தின் கண்ணில் விழுந்த தூசு. எழுத ஏடில்லை. எஞ்சியிருப்பது ஒரே ஒரு மேடை, அதுவும் பல்கலைக்கழக மண்டபத்து மேடை. மாணவர்கள் திரண்டிருக்கிறார்கள். வீரனை வரவேற்கக் காத்திருக்கும் கூட்டம் அது. ஆளவந்தாரை அவன் நாலு வார்த்தை சாடினால் போதும், கூரை அதிரக் கையொலி எழும். தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுவர்!

வந்தவன் சாடினான். ஆளவந்தாரை மட்டுமா? கையொலி எழுப்பக் காத்திருந்த மாணவர்களையும் சேர்த்தே சாடினான்!

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1987-ல் வெளியிட்ட புதினத்தின் நடுநாயகமான காட்சி இது. சவானாப் புல்வெளியின் கறையான் புற்றுகள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். காட்டுத்தீ பரவிப் புல்லெல்லாம் கருகிய பின்னும், சென்ற ஆண்டுத் தீக்குச் சாட்சியாக நிற்பவை அந்தப் புற்றுகள். பெயரிலேயே நூலின் நோக்கம் அடங்கியிருக்கிறது. படித்த இளைஞர் பலர் அச்செபேயை அவரது முதல் நூலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெள்ளையன் வந்தான், ஊர் சிதைந்தது என்ற கதையோடு சரி. வெள்ளையன் போன பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லும் இந்த நூலைத்தான் நம் இளைஞர்கள் கட்டாயம் கையில் எடுக்கவேண்டும் என்பேன். எடுத்தபின் கேள்வியும் கேட்கவேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஆசிரியர் வளாகத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர் அல்லர். 1948-ல் இபாதானில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது உள்ளே நுழைந்த முதல் அணி மாணவருள் ஒருவர். பின்னாளில் நுசுக்காவில் பேராசிரியர். 1983-ல் மக்கள் மீட்புக் கட்சியின் துணைத் தலைவராக அரசியல் களத்திலும் நின்றவர். 2013-ல் மறைந்தார். மாணவன் எப்படிப் பேசுவான், பேராசிரியன் எங்கே பதுங்குவான், அமைச்சன் எப்போது வாலாட்டுவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கங்கான் என்ற கற்பனை நாடு கதைக்களம். பெயர்தான் கற்பனை, நைஜீரியாவை அறிந்தவர் முதல் பக்கத்திலேயே புன்னகைப்பர். பள்ளித் தோழர் மூவர். ஒருவன் சாம், படைத்தளபதியாக இருந்து நாட்டின் தலைவனாகிவிட்டவன். இன்னொருவன் கிரிஸ், செய்தித்துறை அமைச்சன். மூன்றாமவன் இக்கெம், அரசாங்க ஏட்டின் ஆசிரியன். வாழ்நாள் முழுதும் தலைவனாக இருக்க ஆசைப்பட்டு மக்களிடம் வாக்குக் கேட்டான் சாம். அபாசோன் என்ற மாநிலம் முடியாது என்றது. அந்த மாநிலம் வறட்சியில் வாடியபோது, கிணறு தோண்டும் வேலையையே நிறுத்திப் பழி தீர்த்தான்! முறையிட வந்த முதியவர்களைச் சந்திக்கவும் மறுத்தான். அம்முதியவர்களோடு பழகிய குற்றத்துக்காகத்தான் இக்கெமின் பதவி போனது.

மேடையேறிய இக்கெம், அபாசோன் முதியவரிடம் கேட்ட கதையைச் சொல்கிறான். சிறுத்தையிடம் சிக்கிய ஆமை சாகுமுன் சிறிது நேரம் அவகாசம் கேட்கிறது. கிடைத்ததும் ஓடவில்லை. மண்ணைப் பிறாண்டி நாற்புறமும் வாரி இறைக்கிறது. நாளை இவ்வழியே போகிறவன், இங்கே சமபலம் கொண்ட இருவர் மல்லுக்கு நின்றனர் என்று எண்ணட்டும் என்பது ஆமையின் கணக்கு. மாணவர் உள்ளம் துள்ளுகிறது. உடனே கேள்விகள் கிளம்புகின்றன. உழைப்பாளர் ஆட்சி வேண்டாமா என்கிறான் ஒருவன். உழைப்பாளர் என்று யாரைச் சொல்கிறாய், இந்த மண்டபத்தில் உழவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், சந்தையில் காய் விற்கும் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று திருப்பிக் கேட்கிறான் இக்கெம். அங்கிருந்து தொடங்குகிறது சவுக்கடி. சங்கங்கள் தங்கள் சலுகைக்காக மட்டுமே குரல் கொடுப்பதைச் சொல்கிறான். ஊருக்குத் தொண்டு செய்ய அனுப்பப்பட்ட பட்டதாரிகள், மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஊருக்கு அனுப்பினார்களே என்ற ஆத்திரத்தில், அந்த ஏழை உழவர்கள் கட்டிய மகப்பேறு விடுதியையே கொளுத்திய கொடுமையைச் சொல்கிறான். மாணவர் தலைமையிலும் இனவெறி, மதவெறி, வாக்கு வாணிபம் புகுந்துவிட்ட பிறகு, அமைச்சனை ஏச உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கிறான்.

கல்லெறி விழவில்லை. நாற்காலி பறக்கவில்லை. கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது, சிரிக்கவும் செய்தது. தோழர்களே, இந்தக் காட்சியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. தமக்கு இனிப்பதைக் கேட்கக் காது போதும். தம்மைச் சுடுவதை உட்கார்ந்து கேட்க நெஞ்சம் வேண்டும். பாசா மாணவர்களுக்கு அன்று அந்த நெஞ்சம் இருந்தது.

கோட்டையில் இருந்தவனுக்கு இல்லை! நாணயத்தில் தலைவரின் தலையைப் பொறிக்கப் போகிறார்களாமே என்று கடைசியாக ஒருவன் கேட்க, தலையை நாணயத்தில் வைப்பவர், அதை எடுத்துவிடுமாறு மக்களைத் தாமே தூண்டுகிறார் என்று பொருள்படச் சிலேடையாகச் சொல்லிவைத்தான் இக்கெம். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மறுநாள், அவனே ஆசிரியனாக இருந்த அந்த ஏடு, தலைவரைக் கொல்லத் தூண்டினான் என்று கொட்டை எழுத்தில் கொட்டியது. ஆட்கள் வந்தனர், கொண்டுபோயினர், அவன் உயிரோடு திரும்பவில்லை. ஒரு சிரிப்புக்கு ஓர் உயிர்!

மிகை என்பீரோ? இந்த நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1986 அக்டோபர் 19 அன்று, லாகோசில் நியூஸ்வாட்ச் கிழமை ஏட்டின் ஆசிரியர் டெலே கிவா, வீட்டுக்கு வந்த பொதியைப் பிரித்தார். வெடித்தது, மாண்டார். அனுப்பியவர் யார் என்பது இன்றளவும் எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவ்வளவு போற்றிய பிறகு குறையையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதற்கு இனவழிச் சலுகை கேட்பதையும் இக்கெம் மாணவர்களின் இழிவுப் பட்டியலில் சேர்க்கிறான். திறமையால் வெல்லாமல் வேலி போட்டுக்கொள்கிறீர்கள் என்கிறான். கையொலிக்கு ஏற்ற பேச்சு, ஆனால் பாதி உண்மை! நைஜீரியாவின் வடபுலத்தில் கல்வி ஏன் பின்தங்கியது? அறிவு குறைந்ததாலா? வெள்ளை ஆட்சி, அங்கிருந்த அமீர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, பாதிரிப் பள்ளிகளை அப்பகுதிகளில் பரவவிடாமல் தடுத்தது. அதற்கு ஈடாகத் தானும் போதிய பள்ளி திறக்கவில்லை. தெற்கே பள்ளிகள் பெருகின. ஒருவன் இரண்டு தலைமுறை முன்னே ஓடத் தொடங்கியபின், போட்டியில் சலுகை கேட்பது சோம்பலின் அடையாளம் என்று சொல்வது எந்த ஊர் நீதி? இதை மறுத்துக் கேட்க ஒரு வடபுலத்து மாணவனை அந்த மண்டபத்தில் எழுப்பியிருக்கலாம் ஆசிரியர். எழுப்பவில்லை. சகிப்பைப் பற்றிய காட்சியில் எதிர்வாதம் ஊமையாக இருக்கிறது. காய் விற்கும் பெண்ணைப் பற்றிப் பேச்சிருக்கிறது. மாணவி ஒருத்தி எழுந்து வாதாடும் காட்சி இல்லை. நூலில் பியட்ரிஸ் என்ற அறிவுடைய பெண்மணி, உன் அரசியலில் பெண்ணுக்கு இடமெங்கே என்று இக்கெமை இடித்துரைத்ததை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது! கேட்டது கூட்டம், பேசியது ஒருவன் என்றே முடிகிறது.

இனவெறியைப் பற்றி அச்செபே அஞ்சியதில் பொருளில்லாமல் இல்லை. 1965-ல் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் இபோ இனத்தவரான துணைவேந்தர் ஏனி நஜோக்குவின் பதவிக்காலத்தை நீட்டிக்காமல், யோருபா இனத்தவரான சபூரி பியோபாக்குவை அமர்த்தினர். வளாகம் பிளந்தது. புதிய துணைவேந்தரை மாணவன் ஒருவன் கத்தியால் குத்தினான், அவர் பிழைத்துக்கொண்டார். அரசியல்வாதிகள் கூர்தீட்டிய பகையை மாணவன் கையிலே ஏந்தினான்.

ஆனால் அதே மாணவருலகின் மறுபக்கமும் வரலாற்றில் உண்டு. விடுதலை பெற்ற ஆண்டான 1960-லேயே, பிரிட்டனோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை கூடாது என்று இபாதான் மாணவர்கள் லாகோசுக்குப் படையெடுத்தனர். 1962-ல் உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1971 பிப்ரவரி 1 அன்று, விடுதிச் சாப்பாட்டுத் தகராறில் தொடங்கிய இபாதான் கிளர்ச்சியில் போலீசார் சுட்டனர். குன்லே அடெபெஜு என்ற மாணவர் மாண்டார். 1978-ல் உணவுக் கட்டணம் ஏறியதும் நாடெங்கும் வளாகங்கள் கொதித்தன. கல்வித்துறைப் பொறுப்பிலிருந்த கர்னல் அகமது அலியே வெளியேறு என்பதுதான் முழக்கம். துப்பாக்கி பேசியது, மாணவர் மாண்டனர், மாணவர் தேசியச் சங்கத்தைத் தடை செய்து, அதன் தலைவர் செகுன் ஒக்கேயோவோவைப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டினர். 1986 மே மாதம் சாரியா நகர அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் மீண்டும் துப்பாக்கி, மீண்டும் பிணங்கள். (அந்தக் கர்னல் என்ன ஆனார் என்கிறீர்களா? 2005-ல் ஆளுங்கட்சியின் தேசியத் தலைவரானார்! மாணவன் படிப்பை இழந்தான்; அவரோ படியேறினார்.)

1989-ல் விலையுயர்வுக்கும் சிக்கனத் திட்டத்துக்கும் எதிராக மாணவர் எழுந்தபோது, பபாங்கிடா ஆட்சி 47-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. மாணவர் சங்கத்தைத் தடைசெய்யவும், மாணவனை நீக்கவும் அதிகாரம் தந்த ஆணை அது. திறந்த மண்டபத்துக்குப் பூட்டு. பூட்டிய மண்டபத்தின் பின்புறத்திலே என்ன வளர்ந்தது? அதைத்தான் அச்செபேயின் நூல் காட்டவில்லை.

இரகசியக் குழுக்கள் வளர்ந்தன! 1952-ல் இபாதானில் வோலே சோயிங்காவும் ஆறு நண்பர்களும் மேட்டுக்குடிப் பகட்டையும் இனப்பிரிவையும் எள்ளி நகையாடக் கடற்கொள்ளையர் என்ற பெயரில் ஒரு குழு கண்டனர். விளையாட்டுப் பெயர், நல்ல நோக்கம். ஆனால் உறுதிமொழி, மறைவிடம், சடங்கு என்ற வடிவம் பிறந்துவிட்டது. நோக்கம் உதிர்ந்தபின்னும் வடிவம் நின்றது. 1970-களில் பிளவுகளும் புதுக்குழுக்களும் முளைத்தன. 80-களில் கத்தியும் கோடரியும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. பழைய குழு 1984-ல் வளாகங்களைவிட்டே விலகியது, காலம் கடந்துவிட்டது. சடங்கால் கட்டுண்ட கூட்டத்தில் கேள்விக்கு இடமேது?

1999 ஜூலை 10, விடியுமுன் இருட்டு. இலே இஃபே நகரில் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக மாணவர் விடுதி. கருங்கோடரிக் குழுவைச் சேர்ந்தோர் உள்ளே புகுந்தனர். அவர்கள் தேடியது மாணவர் சங்கத்தாரை! சங்கத்தின் செயலாளர் ஜார்ஜ் இவிலாதே உள்ளிட்ட ஐவர் கொல்லப்பட்டனர். இராணுவ ஆட்சி ஒழிந்து குடியாட்சி மலர்ந்து ஆறே கிழமைகள் ஆகியிருந்தன. கொன்றவர் படை வீரருமல்லர், போலீசாருமல்லர். மாணவனின் பகைவனாக மாணவனே வந்தான். புதினத்தில் இக்கெமைக் கொண்டுபோனவர்கள் சீருடையில் வந்தார்கள். இஃபேயில் வந்த கொலைஞர்களுக்குச் சீருடையே தேவைப்படவில்லை.

2022 மே 12 அன்று சொக்கோட்டோ நகரக் கல்வியியல் கல்லூரி ஒன்றில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கிறித்தவ மாணவி ஒருத்தி. வகுப்புத் தோழர்களின் வாட்சப் குழுவில் ஏதோ சொன்னாள். அது நபிகளைப் பழித்ததாம். உடன் படித்தவர்களே கல்லால் அடித்துக் கொன்று, உடலைக் கொளுத்தினர்! ஆசிரியர் தொழில் படிக்க வந்தவர்கள், தோழர்களே, நாளை பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க இருந்தவர்கள்! சொக்கோட்டோ சுல்தானின் மன்றம் இக்கொலையைக் கண்டித்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் கைதானவர்களை விடுவி என்று ஊர்வலம் போன கூட்டம் பெரிது. ஊரடங்கு போடவேண்டி வந்தது. பாசா மண்டபத்திலே ஒருவன் தம்மை ஒரு மணி நேரம் ஏசியதைச் சிரித்துக்கொண்டே கேட்ட மாணவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு செய்தியைப் பொறுக்க முடியாத இவர்களும் மாணவர்களே!

ஆணைகளின் ஆவி இன்னும் அகலவில்லை. 2017-ல், பணம் கட்டியும் அடையாள அட்டை வரவில்லையே என்று கேட்ட பாவத்துக்கு, இபாதான் பல்கலைக்கழக நிர்வாகம் மாணவர் சங்கத்தையே முடக்கிவைத்தது. இராணுவம் இல்லாத காலத்தில், அறிஞர்கள் அமர்ந்த அவையே செய்த காரியம் இது. நாடு தழுவிய மாணவர் சங்கமோ, அண்மை ஆண்டுகளில் போட்டித் தலைவர்களாகப் பிளவுண்டு, பதவியிலிருப்போருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறது என்ற பழியைச் சுமந்து நிற்கிறது.

மீண்டும் நூலுக்கு வருவோம். இக்கெம் மாண்டபின், மாணவர் தலைவன் இம்மானுவேல் தலைமறைவாகிறான். அமைச்சன் கிரிசோடு பேருந்தில் வடக்கே ஓடுகிறான். வழியில், ஒரு பெண்ணை இழுத்துச் செல்லும் போலீஸ்காரனைத் தடுத்த கிரிஸ் சுடப்பட்டு மாள்கிறான். அந்தச் சாவைக் கண்ணெதிரே கண்ட இம்மானுவேல் பக்குவமடைந்தான் என்று காட்டுகிறார் ஆசிரியர். எனக்கு நிறைவில்லை. மேடையில் இக்கெம் அடுக்கிய குற்றங்களில் எதை இந்த இளைஞன் ஒப்புக்கொண்டான், எதை மறுத்தான்? சாவு பாடம் புகட்டியது. வாதம் புகட்டியதாகத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி பியட்ரிசின் வீட்டில். இக்கெமின் குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா. ஆண்களுக்கென்று இருந்த உரிமையைப் பெண்கள் எடுத்துக்கொண்டு, பெண் குழந்தைக்கு ஆண் பெயர் சூட்டுகிறார்கள். கிறித்தவப் பணிப்பெண் பாட்டெடுத்து ஆட, இசுலாமியப் பெண்ணொருத்தி உடன் சேர்ந்து ஆடுகிறாள். அழகான காட்சி! படித்துவிட்டு நூலை மூடாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தேன். படைவீரன், மாணவன், பணிப்பெண், வாடகை வண்டிக்காரனின் மனைவி எல்லோரும் அந்தச் சிறிய கூடத்திலே இருக்கிறார்கள். பாசா பல்கலைக்கழக மண்டபத்துக்குக் கதை திரும்பிப் போகவே இல்லை.